ஓஎஸ் எழுத எந்த லாங்குவேஜ் எடுக்கலாம்?

சொந்தமா ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதிப் பாக்கணும்னு கிளம்புறவங்க எல்லாரும் முதல்ல வந்து நிக்கிற இடம் இதுதான், சி-ல எழுதலாமா ரஸ்ட்ல எழுதலாமா, இப்போ நிறைய பேர் ஸிக் ஸிக்னு சொல்றாங்களே அது எப்படி, சி பிளஸ் பிளஸ் எடுத்தா தப்பா, எனக்கு கோ தான் நல்லா வரும் அதுல முடியவே முடியாதான்னு. என் பதில முதல்லயே சொல்லிடுறேன். கத்துக்குறதுக்காக எழுதுறீங்கன்னா சி எடுங்க. பல வருஷம் வச்சு வளர்க்கப் போற கெர்னல்னா, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதின்னா, ரஸ்ட் எடுங்க. மத்த எல்லாத்துக்கும் ஒவ்வொரு காரணம் வேணும், அந்தக் காரணம் உங்ககிட்ட இருந்தா தாராளமா எடுக்கலாம்.

ஏன் இப்படி சொல்றேன்னா, நான் ஒரு லாங்குவேஜ பாக்கும்போது அதோட சின்டாக்ஸ், வேகம் இதெல்லாம் ரெண்டாவதா தான் பாக்குறது. முதல்ல பாக்குறது, இந்த லாங்குவேஜ் தனக்குக் கீழ என்னென்ன இருக்கும்னு நம்பி இருக்கு அப்படிங்கறத. நாம தினமும் எழுதுற ப்ரோக்ராமுக்குக் கீழ எப்பவும் ஒரு ஓஎஸ் இருக்கு, மெமரி கேட்டா குடுக்கும், ஃபைல் கேட்டா திறந்து குடுக்கும், த்ரெட் வேணும்னா உருவாக்கும், தப்பான அட்ரஸ தொட்டா ப்ரோக்ராம மட்டும் கொன்னுட்டு மத்தத காப்பாத்தும். கெர்னல் எழுதும்போது கீழ யாருமே இல்ல, அந்த வேலை எல்லாத்தையும் செய்யப் போறதே நீங்க எழுதுற கோடு தான். அதனால லாங்குவேஜ் சத்தமில்லாம எதிர்பாக்குற ஒவ்வொரு விஷயத்தையும் நீங்களே முன்னாடி கட்டி வச்சிருக்கணும், இல்லன்னா அது எதிர்பாக்காதபடி கம்பைலர்கிட்ட சொல்லி நிறுத்தணும்.

"சி-க்கு ரன்டைமே இல்ல, அதனால தான் கெர்னலுக்கு சரி"ன்னு நிறைய இடத்துல படிச்சிருப்பீங்க, ரன்டைம்னா ப்ரோக்ராம் ஓடும்போது லாங்குவேஜ் கூடவே கொண்டு வர்ற துணைக் கோடு. பெரும்பாலும் உண்மை தான், முழுசா உண்மை இல்ல. ஜிசிசி-ங்கிற சி கம்பைலர ஃப்ரீஸ்டாண்டிங் மோடுல, அதாவது கீழ ஓஎஸ் இல்லன்னு சொல்லி ஓட்டி, ஸ்டாண்டர்ட் லைப்ரரியே வேணாம்னு சொன்னாலும் அது நாலு ஃபங்ஷன் உங்ககிட்ட இருக்கும்னு எதிர்பாக்கும், மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்பேர். நீங்க ஒரு ஸ்ட்ரக்ட இன்னொரு ஸ்ட்ரக்ட்டுக்கு ஈக்குவல் போட்டு அசைன் பண்ணா அது பெருசா இருந்தா உள்ளுக்குள்ள மெம்காப்பி கால் ஆகும், லிங்கர் வந்து அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லன்னு எரர் குடுக்கும். சரின்னு ஒரு ஃபார் லூப் போட்டு பைட் பைட்டா காப்பி பண்ற மாதிரி நீங்களே மெம்காப்பி எழுதுவீங்க. இங்க தான் விஷயமே இருக்கு, ஆப்டிமைசேஷன் போட்டு கம்பைல் பண்ணா கம்பைலர் அந்த லூப பாத்துட்டு "ஓ இது மெம்காப்பி பேட்டர்ன் தானே"ன்னு லூப தூக்கிட்டு மெம்காப்பி கால் ஒண்ணு வச்சிடலாம், அதாவது உங்க மெம்காப்பி தன்னையே தான் கூப்பிட்டுக்கிட்டே போகும், ஸ்டாக் நிரம்பி வழியும், பேஜ் ஃபால்ட் (இல்லாத மெமரிய தொட்டதா ப்ராசஸர் குடுக்குற எரர்) வரும், அத ஹேண்டில் பண்ணவும் ஸ்டாக் இல்லாததால டபுள் ஃபால்ட், அதுக்கப்புறம் ட்ரிபிள் ஃபால்ட், மெஷின் ரீபூட். ஸ்க்ரீன்ல ஒரு எழுத்து கூட வராது. இந்தப் பேட்டர்ன் மாத்துற வேலைய நிறுத்த ஒரு ஃப்ளாக் இருக்கு, மெம்காப்பி இருக்கிற ஃபைலுக்கு மட்டும் அத போட்டா போதும், ஆனா அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாதவரைக்கும் கோட எத்தனை தடவை படிச்சாலும் தப்பு கண்ணுல படாது, ஏன்னா நீங்க எழுதுன கோடுல தப்பே இல்ல.

அடுத்தது ரெட் ஸோன். 64 பிட் எக்ஸ்86-ல லினக்ஸ் மாதிரி சிஸ்டங்கள் எல்லாம் ஃபாலோ பண்ற ஏபிஐ-ல (ABI, கம்பைல் ஆன கோடுகள் ஒண்ணோட ஒண்ணு பேச வச்சிருக்கிற விதிகள்) ஸ்டாக் பாயிண்டருக்குக் கீழ 128 பைட்ட யாரும் தொடமாட்டாங்கன்னு ஒரு உறுதி இருக்கு, அதனால வேற ஃபங்ஷன கூப்பிடாத சின்ன ஃபங்ஷன்கள் ஸ்டாக் பாயிண்டர நகர்த்தாமலே அந்த இடத்துல தன்னோட லோக்கல் வேரியபிள்கள வச்சுக்கும். யூசர் ப்ரோக்ராமுக்கு இது நல்ல வேகம். கெர்னல் கோடு ஓடிட்டு இருக்கும்போது இன்டரப்ட் (டைமர் மாதிரி ஒரு டிவைஸ் ஓடுற வேலைய நிறுத்தி கூப்பிடுறது) வந்தா ப்ராசஸர் அதே ஸ்டாக்ல அஞ்சு வேல்யூவ, மொத்தம் 40 பைட்ட, நேரா தள்ளிடும். அந்த 128 பைட்டுக்குள்ள இருந்த உங்க வேரியபிள் காலி. இது எப்பவாவது தான் நடக்கும், டைமர் இன்டரப்ட் சரியா அந்த நேரத்துல வந்து விழுந்தா மட்டும். ரெட் ஸோன் வேணாம்னு கம்பைலர்கிட்ட ஒரு ஃப்ளாக்ல சொல்லிட்டா முடிஞ்சது. இது ரஸ்ட்டுக்கும் ஸிக்குக்கும் அப்படியே பொருந்தும், டார்கெட் செட்டிங்ல அத அணைச்சே ஆகணும்.

சி-ய பத்தி இன்னொரு விஷயமும் நேர்மையா சொல்லணும். சி "நீ எழுதுறது தான் மெஷின்ல ஓடும்"ங்கிற மாதிரி ஒரு உணர்வ குடுக்கும், பழைய கம்பைலர் காலத்துல அது ஓரளவு சரி, இப்போ இல்ல. இதுக்கு லினக்ஸ்லயே நடந்த ஒரு உதாரணம் இருக்கு, 2009-ல, டன் அப்படிங்கற வர்ச்சுவல் நெட்வொர்க் டிரைவர்ல. அந்த ஃபங்ஷன்ல முதல்ல பாயிண்டர் வழியா உள்ள போய் ஒரு ஃபீல்ட படிச்சு லோக்கல் வேரியபிள்ல வச்சுக்கிட்டாங்க, அதுக்கு அடுத்து தான் அந்த பாயிண்டர் நல் (null, எதையும் காட்டாத பூஜ்ஜிய அட்ரஸ்) தானான்னு செக் பண்ணாங்க. கம்பைலர் என்ன யோசிச்சதுன்னா, மேல ஏற்கனவே இந்த பாயிண்டர தொட்டாச்சு, நல் பாயிண்டர தொடுறது சி-ல அன்டிஃபைன்டு பிஹேவியர் (நடந்தா என்ன ஆகும்னு ஸ்டாண்டர்ட் சொல்லாதது), அதனால இது நல் பாயிண்டரா இருக்க வாய்ப்பே இல்ல, அப்போ கீழ இருக்கிற செக் தேவையில்லன்னு அத தூக்கிடுச்சு. நல் பாயிண்டர தொட்டா எப்படியும் ஃபால்ட் ஆகும்ல, அப்புறம் என்னன்னு கேட்பீங்க, யூசர் ப்ரோக்ராம் அட்ரஸ் பூஜ்ஜியத்துலயே ஒரு பேஜ மேப் பண்ணி வச்சிருந்தா ஃபால்ட் ஆகாது, அட்டாக்கர் வச்ச டேட்டாவ கெர்னல் நல்ல பிள்ளையா படிச்சுட்டு போகும். அத வச்சு ரூட் ஆக்சஸ் வரைக்கும் போக முடிஞ்சது. அதுக்கப்புறம் தான் லினக்ஸ் பில்டுல நல் செக்க அழிக்காதன்னு கம்பைலருக்கு ஒரு ஃப்ளாக் சேந்துச்சு. வேற வேற டைப் பாயிண்டர் ஒரே இடத்த காட்டாதுன்னு நினைக்கிற ஸ்ட்ரிக்ட் அலையாசிங் வேணாம்னு ஒரு ஃப்ளாக், இன்டிஜர் ஓவர்ஃப்ளோவ வச்சு புத்திசாலித்தனம் காட்டாதன்னு ஒரு ஃப்ளாக்னு அந்த லிஸ்ட் நீளம். லினக்ஸ் எழுதப்படுற சி-யும் ஸ்டாண்டர்ட் சி-யும் ஒண்ணு இல்லன்னு நான் அடிச்சு சொல்றதுக்கு காரணம் இதுதான்.

இவ்ளோ சொல்லிட்டு கத்துக்க சி-ன்னு ஏன் சொல்றேன்? யூனிக்ஸ் 1969-ல அசெம்ப்ளில ஆரம்பிச்சு 1973-ல சி-க்கு மாத்தி எழுதப்பட்டதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் இந்தத் துறைல எழுதப்பட்ட பெரும்பாலான விஷயம் சி-ல இருக்கு. லினக்ஸ், பிஎஸ்டி எல்லாம் சி. எம்ஐடி-ல பாடமா நடத்துற எக்ஸ்வி6 சி, அதுவும் இப்போ ரிஸ்க்-ஃபைவ்ல ஓடுற மாதிரி இருக்கு, சின்ன கோடு, முழுசா உக்காந்து படிச்சிடலாம். ஒரு டிவைஸ் எப்படி வேலை செய்யுதுன்னு டேட்டாஷீட்ல புரியலன்னா லினக்ஸ்லயோ பிஎஸ்டி-லயோ அந்த டிரைவர திறந்து படிக்கலாம், சி தெரிஞ்சா அப்படியே புரியும். முதல் தடவை பேஜ் டேபிள் (வர்ச்சுவல் அட்ரஸ ஃபிசிக்கல் அட்ரஸா மாத்துற அட்டவணை) போடுறவருக்கு ஏற்கனவே தலை நிறைய வேலை இருக்கு, ஜிடிடி (மெமரி செக்மென்ட் டேபிள்) என்ன, ஐடிடி (இன்டரப்ட் டேபிள்) என்ன, ரிங் பூஜ்ஜியத்துல (கெர்னல் மோடு) இருந்து ரிங் மூணுக்கு (யூசர் மோடு) எப்படி போறதுன்னு. அப்போ ரஸ்ட்டோட லைஃப்டைம் எரர் (ஒரு ரெஃபரன்ஸ் எவ்ளோ நேரம் செல்லும்ங்கிற எரர்) வந்து நின்னா எது ஹார்ட்வேர் சிக்கல் எது லாங்குவேஜ் சிக்கல்னு பிரிச்சு பாக்க முடியாது. ரெண்டு புது விஷயத்த ஒரே நேரத்துல கத்துக்குறவங்க பாதில விட்டுட்டு போறது ரொம்ப சகஜம், எனக்கு அது வருத்தமா இருக்கும், ஏன்னா தப்பு அவங்க திறமைல இல்ல.

ரஸ்ட் ஏற்கனவே நல்லா வரும்னா இந்த வாதம் உங்களுக்கு இல்ல, நேரா ரஸ்ட்லயே போங்க.

இப்போ ரஸ்ட்ட அதே கேள்விய வச்சு பாப்போம், கீழ என்ன எதிர்பாக்குது? இங்க அந்த லாங்குவேஜ உருவாக்குனவங்க நல்லா யோசிச்சிருக்காங்க. ஸ்டாண்டர்ட் லைப்ரரி மூணு அடுக்கா இருக்கு, கோர்னு ஒண்ணு, ஓஎஸ்ஸும் வேணாம் ஹீப்பும் (ஓடும்போது கேட்டு வாங்குற மெமரி) வேணாம். அலாக்னு ஒண்ணு, ஹீப் மட்டும் நீங்க குடுத்தா போதும், வெக்டர், பாக்ஸ் எல்லாம் வந்துடும். அதுக்கு மேல ஸ்டாண்டர்ட், அதுக்கு முழு ஓஎஸ் வேணும். கெர்னல்ல கோர் மட்டும் வச்சு ஆரம்பிச்சு, பேனிக் ஆனா (தொடர முடியாத எரர் வந்தா) என்ன பண்ணணும்னு ஒரு ஃபங்ஷன் எழுதிக் குடுத்து, பூட் ஆனதும் ஸ்க்ரீன்ல எழுத்து வர வைக்கிறது பெரிய வேலையே இல்ல. ஹீப் அலொகேட்டர் எழுதினதும் அலாக் அடுக்கு திறக்கும். கெர்னல் வளர வளர லாங்குவேஜும் கூடவே வளருது, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் அது.

ஆனா ஒரு சிக்கல் இருந்தது. அலாக் அடுக்குல மெமரி கிடைக்கலன்னா சாதாரணமா ப்ரோக்ராம் அங்கேயே நின்னுடும். பிரவுசருக்கு அது பரவாயில்ல, கெர்னல்ல மெமரி கிடைக்கலங்கிறது தினசரி நடக்குற விஷயம், எரர திருப்பி அனுப்பிட்டு வேலைய தொடரணும். 2021-ல ரஸ்ட்ட லினக்ஸ்ல சேக்குற பேட்ச் வந்தப்போ லினஸ் டோர்வால்ட்ஸ் முதல்ல பிடிச்சது இதைத்தான். அப்புறம் கெர்னலுக்குன்னு தனியா, அலொகேஷன் தோத்தா எரர் திருப்பிக் குடுக்குற மாதிரி அவங்களே எழுதிக்கிட்டாங்க. 2022 டிசம்பர்ல வந்த லினக்ஸ் 6.1-ல ரஸ்ட் உள்ள வந்தது, 6.8-ல ஈத்தர்நெட் பை (PHY, கேபிள்ல சிக்னல் அனுப்புற) சிப் ஒண்ணுக்கான டிரைவர் ரஸ்ட்ல வந்தது. நீங்க சொந்தமா எழுதும்போதும் இதையே யோசிங்க, வெக்டர்ல புஷ் பண்ற ஒவ்வொரு இடமும் கெர்னல நிறுத்தக்கூடிய இடம். முதல்லயே தோக்கக்கூடிய புஷ் எழுதி வச்சுக்கிட்டா பின்னாடி நூறு இடத்த மாத்த வேண்டியதில்ல.

ரஸ்ட் எங்க நிஜமா உதவுதுன்னு ஒரு இடத்த மட்டும் கிட்ட போய் காட்டுறேன். கெர்னல்ல ரெண்டு வகை அட்ரஸ் இருக்கு, ஃபிசிக்கல், வர்ச்சுவல். பேஜ் டேபிள் என்ட்ரிக்குள்ள எழுதறது ஃபிசிக்கல் அட்ரஸ், அத நீங்க போய் படிக்கணும்னா அதுக்கு உண்டான வர்ச்சுவல் அட்ரஸ கணக்கு பண்ணி அது வழியா தான் போகணும். சி-ல ரெண்டுமே வெறும் 64 பிட் நம்பர். ஆரம்பத்துல எல்லாரும் ஐடென்டிட்டி மேப்பிங் போட்டு வச்சிருப்பாங்க, அதாவது ஃபிசிக்கலும் வர்ச்சுவலும் ஒரே நம்பர், அந்த காலகட்டத்துல நீங்க எந்த இடத்துல எத மாத்தி போட்டிருந்தாலும் எல்லாம் அழகா ஓடும். அப்புறம் கெர்னல அட்ரஸ் ஸ்பேஸோட மேல் பாதிக்கு நகர்த்தி ஐடென்டிட்டி மேப்பிங்க எடுக்குற அன்னைக்கு தான் ஒவ்வொண்ணா வெடிக்க ஆரம்பிக்கும், அது எழுதி மாசக்கணக்கு ஆகியிருக்கும். ரஸ்ட்ல ஃபிசிக்கல் அட்ரஸுக்கு ஒரு டைப், வர்ச்சுவல் அட்ரஸுக்கு ஒரு டைப்னு வச்சுட்டீங்கன்னா ஒண்ண இன்னொண்ணு இடத்துல குடுக்கவே முடியாது, கம்பைல் ஆகாது, ரன்டைம்ல இதுக்கு செலவும் கிடையாது. சி-லயும் ஸ்ட்ரக்ட்டுக்குள்ள சுத்தி இத செய்யலாம், செய்றவங்களும் இருக்காங்க, ஆனா கூட்டல் கழித்தல் எல்லாத்துக்கும் தனி ஃபங்ஷன் எழுதி கோடு படிக்கவே கஷ்டமா ஆகிடுறதால பெரும்பாலும் யாரும் செய்றதில்ல.

லாக்கும் (ஒரு டேட்டாவ ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் தொட வைக்கிற பூட்டு) அப்படித்தான். சி-ல லாக் ஒரு பக்கம், அது காப்பாத்துற டேட்டா ஒரு பக்கம், ரெண்டுக்கும் உள்ள உறவு ஒரு கமென்ட்ல இருக்கும். ரஸ்ட்ல டேட்டா லாக்குக்கு உள்ளயே இருக்கு, லாக்க எடுக்காம டேட்டாவ தொடவே வழி கிடையாது.

அதே சமயம் ரஸ்ட் எத காப்பாத்தாதுங்கறதும் தெரிஞ்சிருக்கணும், ரஸ்ட் எடுத்தா எல்லாம் சரியாகிடும்னு வந்தவங்க தான் அதிகமா ஏமாறுறாங்க. நீங்க ஒரு ஸ்பின்லாக்க (கிடைக்குற வரைக்கும் சுத்திக்கிட்டே காத்திருக்கிற லாக்) எடுத்து வச்சிருக்கும்போது அதே ப்ராசஸர் கோர்ல ஒரு இன்டரப்ட் வருது, அந்த ஹேண்டலர் அதே லாக்க கேக்குது. லாக்க வச்சிருக்கிற கோடு ஓடணும்னா ஹேண்டலர் முடியணும், ஹேண்டலர் முடியணும்னா லாக் விடணும், மெஷின் அப்படியே நிக்கும். ரஸ்ட் கணக்குல டெட்லாக் "சேஃப்" தான், கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. லாக் எடுக்கும்போதே இன்டரப்ட்ட அணைச்சு, விடும்போது பழைய நிலைக்கு கொண்டு வர்ற மாதிரி தனி லாக் டைப் நீங்க தான் எழுதணும். டிஎம்ஏ-வும் (டிவைஸே நேரா மெமரில எழுதுறது) அப்படி, ஒரு நெட்வொர்க் கார்டுக்கு பஃபர் அட்ரஸ குடுத்துட்டு அந்த பஃபர ஃப்ரீ பண்ணிட்டா, ஓனர்ஷிப் ரூல் எல்லாம் சரியா இருந்தாலும் கார்டு அந்த மெமரில தொடர்ந்து எழுதிட்டு தான் இருக்கும். அதுக்கு ரஸ்ட்டும் தெரியாது பாரோ செக்கரும் (ஓனர்ஷிப் ரூல பாக்குற ரஸ்ட் கம்பைலர் பகுதி) தெரியாது. அப்புறம் கெர்னல்ல ஒரு ப்ராசஸோட ரெக்கார்டு ஒரே நேரத்துல ரன் க்யூவுலயும் இருக்கும், அப்பா ப்ராசஸோட பிள்ளைகள் லிஸ்ட்லயும் இருக்கும், பிஐடி (ப்ராசஸ் நம்பர்) டேபிள்லயும் இருக்கும், இது யாருக்கு சொந்தம்னு ரஸ்ட் கேக்கும்போது நேரான பதில் கிடையாது. சி-ல லிங்க் பாயிண்டர ஸ்ட்ரக்ட்டுக்குள்ளயே வச்சு ரெண்டு நிமிஷத்துல எழுதுறத ரஸ்ட்ல ரெஃபரன்ஸ் கவுன்ட், அன்சேஃப், இண்டெக்ஸ்னு ஏதோ ஒரு வழி யோசிச்சு எடுக்கணும். நான் இண்டெக்ஸ் வழிய தான் விரும்புவேன், எல்லா ப்ராசஸும் ஒரே டேபிள்ல, மத்த எல்லா லிஸ்ட்லயும் வெறும் நம்பர். டீபக் பண்ணும்போதும் நம்பர் தான் கண்ணுக்கு நல்லா தெரியும்.

அப்போ எதுக்கு அவ்ளோ கஷ்டப்படணும்? கெர்னல்ல வர்ற ஓட்டைகள்ல பெரும்பகுதி ஒரே குடும்பத்த சேந்தது, ஃப்ரீ பண்ண மெமரிய தொடுறது, பஃபருக்கு வெளிய எழுதுறது. மைக்ரோசாஃப்ட் 2019-ல சொன்னது, அவங்க வருஷா வருஷம் சரி பண்ற செக்யூரிட்டி ஓட்டைகள்ல சுமார் 70 சதவீதம் மெமரி சேஃப்டி தொடர்பானதுன்னு. ஆண்ட்ராய்டுல அந்த விகிதம் 2019-ல 76 சதவீதமா இருந்து 2024-ல 24 சதவீதத்துக்கு இறங்குச்சு. இதுல நான் முக்கியமா பாக்குறது, பழைய கோட எல்லாம் அவங்க மாத்தி எழுதல, புதுசா எழுதுற கோட ரஸ்ட் மாதிரி மெமரி சேஃப் லாங்குவேஜ்ல எழுத ஆரம்பிச்சாங்க, அவ்ளோதான். பழைய கோடு வருஷம் போகப் போக சரி பண்ணிப் பண்ணி உறுதியாகிடும், ஓட்டை அதிகமா வர்றது புது கோடுல. பல வருஷம் வளரப் போற கெர்னலுக்கு ரஸ்ட்னு சொல்றதுக்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும். முழுக்க ரஸ்ட்ல எழுதின ஓஎஸ் வேணும்னா ரெடாக்ஸ் இருக்கு, மைக்ரோகெர்னல், 2015-ல ஆரம்பிச்சது. சின்ன மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு டாக் (Tock) இருக்கு. ரெண்டோட கோடும் படிக்க வேண்டியவை.

சி பிளஸ் பிளஸ் பத்தி சுருக்கமா. முடியாதுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, ஹைக்கு ஓஎஸ்ஸோட கெர்னல் சி பிளஸ் பிளஸ், கூகுளோட ஃபுக்‌ஷியாவுக்கு கீழ இருக்கிற ஸிர்கான் சி பிளஸ் பிளஸ், ஆண்ட்ரியாஸ் க்ளிங் 2018-ல தொடங்கின செரினிட்டி ஓஎஸ் கெர்னலும் அதே. ஆனா கீழ எதிர்பாக்குற விஷயம் அதிகம். எக்செப்ஷன் வேணும்னா ஸ்டாக்க பிரிச்சு மேல போற கோடு வேணும், அதனால அத அணைக்கணும், ஆர்டிடிஐ (ஓடும்போது ஆப்ஜெக்டோட டைப்ப கண்டுபிடிக்கிற வசதி) அணைக்கணும். க்ளோபல் ஆப்ஜெக்ட் ஒண்ணு வச்சா அதோட கன்ஸ்ட்ரக்டர யாரும் கூப்பிட மாட்டாங்க, லிங்கர் சேத்து வச்ச லிஸ்ட்ல இருந்து ஒவ்வொண்ணா நீங்க தான் பூட்ல கூப்பிடணும், அதுக்கு முன்னாடி அந்த ஆப்ஜெக்ட தொட்டா பூஜ்ஜியமா தான் இருக்கும். ஃபங்ஷனுக்குள்ள ஸ்டாட்டிக் வேரியபிள் வச்சா அதுக்கு ஒரு லாக் ஃபங்ஷன கம்பைலர் எதிர்பாக்கும். இத எல்லாம் ஒழுங்கு பண்ணிட்டா நல்ல கருவி தான், செரினிட்டில எரர கையாளுற விதம் படிக்கவே அழகா இருக்கும், தோக்கக்கூடிய ஒவ்வொரு ஃபங்ஷனும் வேல்யூ இல்லன்னா எரர்னு திருப்பிக் குடுக்குது, மெமரி கிடைக்கலங்கிறதும் அதே வழில தான் மேல போகுது. ஆனா எத பயன்படுத்தலாம் எத பயன்படுத்தக்கூடாதுன்னு டீம்ல எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கணும், அத கம்பைலர் காவல் காக்காது.

ஸிக் எனக்கு மனசுக்கு நெருக்கமான லாங்குவேஜ். ஹீப் வேணும்னா அலொகேட்டர பாராமீட்டரா கையில குடுக்கணும், மறைஞ்சு நடக்குற அலொகேஷன் கிடையாது, மெமரி இல்லன்னா சாதாரண எரரா வரும், கெர்னலுக்கு இதவிட பொருத்தமா யோசிக்க முடியாது. பேஜ் டேபிள் என்ட்ரிய எடுத்துக்கோங்க, 64 பிட்ல முதல் பிட் பேஜ் இருக்கா இல்லையா, ரெண்டாவது எழுதலாமா, மூணாவது யூசர் தொடலாமா, நடுவுல 40 பிட் அட்ரஸ், கடைசி பிட் இதுல இருக்கிறத கோடா ஓட்டக்கூடாது அப்படின்னு. சி-ல பிட்ஃபீல்டுக்கு எந்த வரிசைல பிட் அமையும்னு ஸ்டாண்டர்ட் உறுதி குடுக்காது, அதனால எல்லாரும் ஷிஃப்ட் மாஸ்க்னு மேக்ரோவா எழுதி வைப்பாங்க. ஸிக்ல 1 பிட் இன்டிஜர், 40 பிட் இன்டிஜர்னு நேரா டைப்பே இருக்கு, பேக்ட் ஸ்ட்ரக்ட்ல வரிசையா எழுதுனா மேனுவல்ல இருக்கிற படம் அப்படியே கோடா வந்துடும், மொத்தம் 64 பிட் வரலன்னா கம்பைலே ஆகாத மாதிரியும் பண்ணிடலாம். இன்னொரு மெஷினுக்கு கம்பைல் பண்றதும் அதோட கூடவே வருது, தனியா க்ராஸ் கம்பைலர் கட்டிக்கிட்டு ஒரு நாள் முழுக்க உக்கார வேண்டியதில்ல. தடை என்னன்னா இன்னும் 1.0 வரல, ஒவ்வொரு வெர்ஷனுக்கும் லாங்குவேஜும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியும் மாறுது, ஆறு மாசம் தொடாம வச்ச கோடு புது கம்பைலர்ல ஓடாது. ஃப்ரீ பண்ண மெமரிய தொடுறத ரஸ்ட் மாதிரி கம்பைல் நேரத்துலயே பிடிக்கவும் பிடிக்காது. ஒரு வெர்ஷன்ல நின்னு முடிச்சிடுற மாதிரி சின்ன கெர்னல்னா கண்டிப்பா எடுங்க, எழுதவே சந்தோஷமா இருக்கும்.

கோ பத்தி கேக்குறவங்களுக்கு ஒரு நல்ல பதில் ஏற்கனவே இருக்கு. எம்ஐடி-ல பிஸ்கட்னு ஒரு கெர்னல கோ-ல எழுதி, 2018-ல அளந்து பேப்பரா போட்டாங்க. போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை ஓஎஸ்களுக்கான பொது ஸ்டாண்டர்ட்) மாதிரி சிஸ்டம் கால், எஞ்சின்எக்ஸ் வெப் சர்வரும் ரெடிஸ் டேட்டாபேஸும் அது மேல ஓடுச்சு. கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதின கோட சி-யோட ஒப்பிட்டப்போ கோ 5-ல இருந்து 15 சதவீதம் மெதுவா இருந்துச்சு, குப்பை அள்ளுறதுக்காக (கார்பேஜ் கலெக்ஷன், பயன்படாத மெமரிய தானா விடுவிக்கிறது) எஞ்சின்எக்ஸ் ஒரே மூச்சுல நின்ன அதிகபட்ச நேரம் 115 மைக்ரோ செகண்ட். நிறைய பேர் நினைக்கிறத விட நல்ல ரிசல்ட் அது. ஆனா அதுக்கு அவங்க கோ-வோட ரன்டைமையே வெறும் ஹார்ட்வேர் மேல ஓட்ட வேண்டியிருந்தது, இன்டரப்ட் ஹேண்டலர்ல சாதாரண கோ கோடு எழுத முடியாது, மெமரி தீந்து போறத சமாளிக்க ஒவ்வொரு சிஸ்டம் காலும் அதிகபட்சம் எவ்ளோ ஹீப் எடுக்கும்னு முன்கூட்டியே கணக்கு போட்டு ஒதுக்கினாங்க. அதாவது கோ கீழ எதிர்பாக்குற மொத்தத்தையும் கட்டி முடிச்ச பிறகு தான் கெர்னல் ஆரம்பமாகுது. அந்த வேலைய தான் செய்யணும்னு ஆசை இருந்தா அற்புதமான ப்ராஜெக்ட், பூட் ஆகுறத சீக்கிரம் பாக்கணும்னு ஆசை இருந்தா வேணாம்.

எந்த லாங்குவேஜ் எடுத்தாலும் கொஞ்சம் அசெம்ப்ளி தப்பாது. பூட் ஆகி முதல் ஸ்டாக் வைக்கிற இடம், இன்டரப்ட் உள்ள நுழையுற இடம், ஒரு ப்ராசஸ்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறுற இடம், இந்த மூணும் ரெஜிஸ்டரோட நேரா பேசணும். இத தனி ஃபைல்ல வச்சு, எவ்ளோ சின்னதா வைக்க முடியுமோ அவ்ளோ சின்னதா வைங்க.

சி-ல ஆரம்பிக்கிறவங்க முதல் நாளே அன்டிஃபைன்டு பிஹேவியர் சானிடைசர போட்டுக்கோங்க. கெர்னல்ல அதுக்கு லைப்ரரி கிடையாது, அது கூப்பிடுற ஹேண்டலர் ஃபங்ஷன்கள நீங்களே எழுதணும், ஒவ்வொண்ணும் ஃபைல் பேரும் லைன் நம்பரும் சீரியல் போர்ட்ல அடிச்சுட்டு நின்னா போதும், ஒரு சாயங்கால வேலை. ஆர்ரே எல்லைய தாண்டுறது, தப்பா ஷிஃப்ட் பண்றது, அலைன் ஆகாத பாயிண்டர் எல்லாம் நடந்த இடத்துலயே மாட்டும், இல்லன்னா அதெல்லாம் எங்கயோ போய் வேற ஒரு க்ராஷா தான் தெரியும். க்யூஎமு எமுலேட்டர்ல ஓட்டி ஜிடிபி டீபக்கர மாட்டிக்கிற பழக்கமும் முதல்லயே வந்துடணும்.

சி-ல ஓரளவு ஓடுற கெர்னல் கையில இருக்கு, ரஸ்ட்டுக்கு போகணும்னு ஆசையா இருக்குன்னா மொத்தமா மாத்தி எழுதாதீங்க, ஈஎல்எஃப் (ப்ரோக்ராம் ஃபைலோட ஃபார்மட்) லோடர்ல இருந்து ஆரம்பிங்க. யூசர் குடுக்குற ஃபைல நம்பிக்கை இல்லாம படிக்க வேண்டிய இடம் அது, ஹெடர்ல ஃபைலுக்குள்ள எங்க இருந்து படிக்கணும், எத்தனை பைட் படிக்கணும், மெமரில எங்க வைக்கணும்னு மூணு நம்பர் இருக்கு, மூணும் பொய்யா இருக்கலாம். சி-ல முதல் ரெண்டையும் கூட்டி ஃபைல் சைஸுக்குள்ள இருக்கான்னு பாக்குற செக், கூட்டுன நம்பர் 64 பிட்ட தாண்டி சுத்தி சின்னதா வந்துட்டா சத்தமில்லாம பாஸ் ஆகிடும். ரஸ்ட்ல ஓவர்ஃப்ளோ பாத்து கூட்டுற ஃபங்ஷன போட்டு, ஸ்லைஸ்ல இருந்து அந்தத் துண்ட கேட்டா இல்லன்னா இல்லன்னு பதில் வரும், அந்தப் பதில கவனிக்காம தாண்டிப் போக டைப் சிஸ்டம் விடாது. மூணாவது நம்பர் கெர்னல் பகுதிக்குள்ள வந்து விழுதான்னு பாக்குறது மட்டும் ரஸ்ட்லயும் உங்க கையால எழுத வேண்டிய செக், அத மறக்காதீங்க. லோடர் முடிஞ்சா அடுத்து ஃபைல் சிஸ்டம், அதுக்கப்புறம் நெட்வொர்க் பாக்கெட் படிக்கிற இடம். ஷெட்யூலர (எந்த ப்ராசஸ் எப்போ ஓடணும்னு முடிவு பண்ற பகுதி) கடைசியா தொடுங்க.